எடைக் கோப்பும் அதன் பின்னணியும்: பல்மரபணு மதிப்பெண்களை எடுத்துக் கையாளும் மென்பொருள்கள்

நம் மரபணுத்தொகுதியில் ஆங்காங்கே உள்ள சிறு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அல்லது கொஞ்சம் குறைக்கும். அவற்றையெல்லாம் எடை போட்டுக் கூட்டினால் வரும் ஒற்றை எண்தான் பாலிஜெனிக் ஸ்கோர். இந்த நூலில் அதைப் பல்மரபணு மதிப்பெண் என்கிறோம். கணக்கு எளிது. ஒரு மாறுபாட்டில், குறிப்பிட்ட அல்லீலின், அதாவது அந்த இடத்தில் வரக்கூடிய வடிவங்களில் ஒன்றின், எத்தனை படிகள் ஒருவரிடம் இருக்கின்றன (0, 1 அல்லது 2) என்று பார்க்க வேண்டும். அதற்குரிய எடையால் பெருக்க வேண்டும். எல்லா மாறுபாடுகளுக்கும் அப்படியே செய்து கூட்ட வேண்டும். பள்ளி மாணவர்கூடப் போட்டுவிடும் கணக்கு இது. அந்த எடைகள் எங்கிருந்து வந்தன, எந்த மக்களின் தரவிலிருந்து பெறப்பட்டன, யாரிடம் சோதித்துப் பார்க்கப்பட்டன என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே பெரிய வேலை. இந்த அத்தியாயத்தில் வரும் மென்பொருள்களை அந்த விடைகளைத் தேடித் தரும் கருவிகளாகவே பார்க்கப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒரு மதிப்பெண்ணின் எடைகள் வேண்டுமென்றால் ஆய்வுக்கட்டுரையின் பிற்சேர்க்கையைத் தேட வேண்டியிருந்தது. அது பிடிஎஃப் அட்டவணையாக இருக்கும். சில நேரம் எந்த அல்லீலுக்கு எடை என்ற தகவலே இருக்காது. கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும். 2019-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் ஹிங்க்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து பிஜிஎஸ் கேட்டலாக் என்ற திறந்த தரவுத்தளத்தைத் தொடங்கின. அதை விவரிக்கும் கட்டுரை 2021-இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்தது. இன்று பல ஆயிரம் மதிப்பெண்கள் ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லவே முடியாது. பணவசதி இல்லாத ஒரு கல்லூரி ஆய்வகம் இன்று ஹார்வர்டில் உருவான எடைகளைச் சில நிமிடங்களில் தன் கணினிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

எடைக் கோப்பின் உள்ளே

கருவிகளுக்குப் போகும் முன் ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிடுவோம். தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது பிஜிஎஸ்000001. கேட்டலாக்கின் முதல் பதிவு அது: மார்பகப் புற்றுநோய்க்காக 2015-இல் வெளியான, 77 மாறுபாடுகள் மட்டுமே கொண்ட மதிப்பெண். இதே ஆய்வுக் கூட்டமைப்பு 2019-இல் 313 மாறுபாடுகளுடன் வெளியிட்டது பிஜிஎஸ்000004. இரண்டையுமே சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து கண்ணாலேயே வாசிக்கலாம். பிறகு வரப்போகும் அறுபத்தாறு லட்சம் வரிக் கோப்புகளைப் புரிந்துகொள்ள இந்தப் பயிற்சி கட்டாயம் தேவை.

கோப்பின் தலைப்பகுதியில் உள்ள வரிகள் ஹேஷ் குறியில் தொடங்கும். மதிப்பெண்ணின் அடையாள எண், பெயர், நோய் அல்லது பண்பு, அந்தப் பண்பின் கலைச்சொல் குறியீடு, எந்த மரபணுத்தொகுதிப் பதிப்பின்படி இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன, மாறுபாடுகளின் எண்ணிக்கை, எடையின் வகை, மூலக் கட்டுரை, உரிமம் என வரிசையாக வரும். அதன் கீழே அட்டவணை. ஒரு வரி ஒரு மாறுபாடு. ஆர்எஸ் எண், குரோமோசோம், அதில் உள்ள இடம், விளைவு அல்லீல், மற்ற அல்லீல், எடை என்பவை முக்கியமான பத்திகள்.

இவற்றில் விளைவு அல்லீல் என்ற பத்தியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அது ஆபத்தான அல்லீலாக இருக்க வேண்டியதில்லை. மக்களிடம் அரிதாகக் காணப்படுவதாகவும் இருக்க வேண்டியதில்லை. மேற்கோள் மரபணுத்தொகுதியிலிருந்து மாறுபட்டதாகவும் இருக்க வேண்டியதில்லை. எடை எந்த அல்லீலுக்குச் சொல்லப்பட்டதோ அது விளைவு அல்லீல், அவ்வளவுதான். எடை எதிர்மறையாக இருந்தால் அந்த அல்லீல் இருப்பவருக்கு வாய்ப்பு குறைகிறது என்று பொருள். உங்கள் நிரல் வேறு அல்லீலின் படிகளை எண்ணிவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண் வரும், அது தவறான எண்ணாக இருக்கும்.

எடையின் வகையையும் கவனியுங்கள். நோய் ஆய்வுகளில் ஒவ்வொரு மாறுபாட்டின் விளைவும் பெரும்பாலும் வாய்ப்பு விகிதமாக அச்சிடப்படும். 1.2 என்ற வாய்ப்பு விகிதத்தை அப்படியே கூட்டக் கூடாது. அதன் இயல் மடக்கையான 0.182-ஐத்தான் கூட்ட வேண்டும். வாய்ப்பு விகிதம் 1 என்றால் விளைவே இல்லை. மடக்கையில் அது 0 ஆகிவிடும், கூட்டலில் எதையும் சேர்க்காது. விகிதத்தையே கூட்டினாலோ, விளைவே இல்லாத மாறுபாடும் ஒவ்வொரு படிக்கும் 1 சேர்த்துவிடும். கேட்டலாக்கின் கோப்புகளில் எடை வகை என்ற தலைப்பு வரி இதைச் சொல்லும். கட்டுரையிலிருந்து நீங்களே அட்டவணை எடுத்துச் செய்யும்போது அப்படிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது மரபணுத்தொகுதிப் பதிப்பு. மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரைபடம் 2009-இல் ஜிஆர்சிஎச்37 என்றும் 2013-இல் ஜிஆர்சிஎச்38 என்றும் வெளியானது. இரண்டிலும் ஒரே மாறுபாட்டின் இட எண் பெரும்பாலும் வேறுபடும். பழைய மதிப்பெண்கள் 37-இலும் புதிய வரிசைப்படுத்தல் தரவுகள் 38-இலும் இருப்பது அன்றாடம் காணும் நிலை. இதற்காகவே கேட்டலாக் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும், ஆசிரியர் கொடுத்த மூலக் கோப்போடு, இரு பதிப்புகளுக்கும் இடங்களைச் சீராக்கிய கோப்புகளையும் தருகிறது. ஹார்மனைஸ்டு என்ற கோப்புறையில் அவை இருக்கும். சீராக்கிய குரோமோசோம், சீராக்கிய இடம் ஆகிய பத்திகள் கூடுதலாக இருக்கும். ஆசிரியர் கொடுத்த மூலத்தை ஒப்புநோக்க மட்டும் வைத்துக்கொண்டு, கணக்குக்கு எப்போதும் சீராக்கிய கோப்பையே எடுங்கள்.

நான்கு வகை அடையாள எண்கள்

கேட்டலாக்கில் எதைத் தேடினாலும் நான்கு எழுத்துக்கூட்டுகள் கண்ணில் படும். பிஜிஎஸ் என்று தொடங்குவது மதிப்பெண். பிஜிபி என்பது அதை வெளியிட்ட கட்டுரை. பிபிஎம் என்பது ஒரு மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட மக்கள் தொகுப்பில் எப்படிச் செயல்பட்டது என்ற அளவீடு. பிஎஸ்எஸ் என்பது அந்த மக்கள் தொகுப்பு. ஒரே மதிப்பெண்ணைப் பத்து குழுக்கள் பத்து இடங்களில் சோதித்திருந்தால் ஒரு பிஜிஎஸ் எண்ணுக்குப் பத்து பிபிஎம் எண்கள் இருக்கலாம். இந்த உறவு மனதில் பதிந்துவிட்டால் எல்லா மென்பொருள்களின் அமைப்பும் தானாகப் புரியும்.

நோய்களுக்குச் சொல்லை வைத்துத் தேடுவதைவிடக் குறியீட்டை வைத்துத் தேடுவதே நம்பகமானது. மார்பகப் புற்றுநோய்க்கு இஎஃப்ஓ_0000305, இதயத் தமனி நோய்க்கு இஎஃப்ஓ_0001645. இரண்டாம் வகை நீரிழிவு முன்பு இஎஃப்ஓ_0001360 ஆக இருந்தது, இப்போது மோண்டோ_0005148. பழைய நிரலில் பழைய குறியீடு இருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும்; அதை வைத்து மதிப்பெண்ணே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எந்தக் கருவி, எப்போது

ஒன்றிரண்டு மதிப்பெண்களை மட்டும் பார்க்க உலாவியே போதும். முழுக் கேட்டலாக்கின் பின்னணித் தகவலும் ஒரே எக்செல் கோப்பாகவும் எஃப்டிபி தளத்தில் கிடைக்கிறது. நிரல் எழுதாத மருத்துவர்களுக்கு அதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். வடிகட்டி, வரிசைப்படுத்தி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.

நிரல் எழுதுபவர்களுக்கு ரெஸ்ட் ஏபிஐ இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணின் எண்ணைக் கொடுத்தால் அதன் விவரம் முழுவதும் ஜேசன் வடிவில் வரும். பட்டியல் கேட்டால் பக்கம் பக்கமாக, இயல்பாக ஒரு பக்கத்துக்கு 50 பதிவுகளாகத் தரும். அடுத்த பக்கத்தின் முகவரியும் அதிலேயே இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு 50 மதிப்பெண்கள்தான் என்று எண்ணிவிடும் நிரல்கள் ஏராளம். மொத்த எண்ணிக்கையைச் சொல்லும் புலத்தை எப்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு இத்தனை கேள்விகள் என்ற வரம்பும் உண்டு. சுழல் எழுதும்போது இடையில் சிறிது நிறுத்தம் கொடுப்பது மற்ற பயனர்களுக்கும் செய்யும் மரியாதை.

ஏபிஐயை நேரடியாகக் கையாளும் சிரமத்தைப் போக்குவதுதான் குவின்கங்க்ஸ். ஆர் மொழியில் எழுதப்பட்ட இந்தத் தொகுப்பைப் போர்ச்சுகலைச் சேர்ந்த ரமீரோ மாக்னோ, இசபெல் துவார்த்தே, அனா தெரேசா மாயா ஆகியோர் உருவாக்கிப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். முழு மரபணுத்தொகுதித் தொடர்பு ஆய்வுகளைத் (ஜீவாஸ்) தொகுக்கும் ஜீவாஸ் கேட்டலாக்குக்கு ஜீவாஸ்ராபிட் என்ற தொகுப்பை முன்பே தந்த குழு இது. பைத்தான் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டலாக் குழுவே வெளியிடும் பிஜிஎஸ்கேட்டலாக் யூட்டில்ஸ் இருக்கிறது. எடைக் கோப்புகளை எண், கட்டுரை அல்லது நோய்க் குறியீடு கொடுத்து மொத்தமாக இறக்கும் கட்டளை, பல கோப்புகளை ஒரே சீரில் இணைக்கும் கட்டளை, உங்கள் மரபணுத் தரவோடு பொருத்திப் பார்க்கும் கட்டளை எல்லாம் அதில் தனித்தனியாக உள்ளன. சுருங்கச் சொன்னால், பின்னணியை ஆராய குவின்கங்க்ஸ், எடைகளை இறக்கிக் கணக்கிட யூட்டில்ஸ். இந்தப் பிரிவினையில் வேலை செய்தால் குழப்பம் வராது.

குவின்கங்க்ஸில் ஒரு தேடல்

இதயத் தமனி நோயை எடுத்துக்கொள்வோம். குவின்கங்க்ஸில் மதிப்பெண்களை வரவழைக்கும் செயல்பாட்டின் பெயர் கெட்_ஸ்கோர்ஸ். அதற்கு மேலே சொன்ன இஎஃப்ஓ குறியீட்டைக் கொடுத்தால் திரும்பி வருவது ஒற்றை அட்டவணை அல்ல, பல அட்டவணைகள் அடங்கிய ஒரு பொருள். மதிப்பெண்கள் ஓர் அட்டவணை, கட்டுரைகள் ஒன்று, மாதிரிகள் ஒன்று, அந்த மாதிரிகளின் வயது, பாலினம் போன்ற மக்கள் விவரம் ஒன்று, ஆய்வுத் தொகுதிகள் ஒன்று, பண்புகள் ஒன்று. எல்லாவற்றையும் இணைக்கும் கயிறு பிஜிஎஸ் எண். டைடிவெர்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அட்டவணைகளை இணைப்பது கை வந்த வேலை.

மாதிரிகள் அட்டவணையில் நிலை என்ற பத்தியை முதலில் பாருங்கள். எடைகள் எந்த ஜீவாஸ் ஆய்விலிருந்து வந்தனவோ அந்த மக்கள் ஒரு நிலை. மதிப்பெண்ணைச் செதுக்கப் பயன்பட்டவர்கள் இன்னொரு நிலை. சோதித்துப் பார்க்கப்பட்டவர்கள் மூன்றாம் நிலை; அவர்களின் விவரம் அடுத்துப் பார்க்கப்போகும் செயல்திறன் அட்டவணைகளோடு வரும். ஒவ்வொரு வரிசையிலும் மாதிரி எண்ணிக்கையும் மரபு வழி எது என்பதும் இருக்கும். முதல் நிலையிலும் மூன்றாம் நிலையிலும் ஒரே ஆய்வுத் தொகுதியின் பெயர் இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். எடையைக் கற்ற அதே மக்களிடம் மதிப்பெண்ணைச் சோதித்தால் செயல்திறன் பொய்யாக உயர்ந்து தெரியும். கட்டுரைகளில் இதைத் தவிர்த்திருப்பார்கள். ஆனால் நீங்கள் பிரிட்டனின் பெரிய ஆய்வுத் தொகுதியான யூகே பயோபேங்க் தரவில் வேலை செய்பவராக இருந்து, யூகே பயோபேங்கிலிருந்தே எடை கற்ற மதிப்பெண்ணை அறியாமல் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தத் தவறு உங்களுடையதாகிவிடும். இறக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் பத்தி இதுவே.

பிறகு கெட்_பெர்ஃபார்மன்ஸ்_மெட்ரிக்ஸ். இங்கேதான் கேட்டலாக்கின் உண்மையான செல்வம் இருக்கிறது, கவனமில்லாதவரைக் கவிழ்க்கும் குழியும் இங்கேதான். விளைவு அளவுகள் ஓர் அட்டவணையிலும், வகைப்படுத்தும் திறனைக் காட்டும் அளவுகள் இன்னோர் அட்டவணையிலும், மற்றவை வேறொன்றிலும் வரும்.

இரண்டு புகழ்பெற்ற மதிப்பெண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். பிஜிஎஸ்000013 அமித் கேராவும் கூட்டாளிகளும் 2018-இல் நேச்சர் ஜெனெடிக்ஸில் வெளியிட்டது, 66,30,150 மாறுபாடுகள். பிஜிஎஸ்000018 மைக்கேல் இனோயியின் குழு அதே ஆண்டு அமெரிக்க இதயவியல் கல்லூரி இதழில் வெளியிட்டது, 17,45,179 மாறுபாடுகள். இரண்டுமே யூகே பயோபேங்கில் சோதிக்கப்பட்டவை. வகைப்படுத்தும் திறனாக முதலாவதின் கட்டுரை வளைவின் கீழ்ப் பரப்பு 0.81 என்கிறது. இரண்டாவதின் கட்டுரை சி-குறியீடு 0.623 என்கிறது. அட்டவணையில் இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் முதலாவதே எவ்வளவோ மேல் என்று முடிவு செய்வார். ஆனால் 0.81 என்ற எண்ணில் வயதும் பாலினமும் மரபு வழியின் முதன்மைக் கூறுகளும் சேர்ந்திருக்கின்றன. இதய நோயை வயதும் பாலினமும் மட்டுமே வெகுவாகக் கணித்துவிடும். 0.623 என்பது மதிப்பெண் மட்டும் தனியாக நின்று பெற்ற எண். இரண்டையும் ஒப்பிடவே கூடாது. குவின்கங்க்ஸ் தரும் செயல்திறன் அட்டவணையில் கோவேரியேட்ஸ் என்ற பத்தியைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு ஒரே நொடியில் தெரிந்துவிடும். அந்தப் பத்தியை நீக்கிவிட்டு எண்களை மட்டும் வரிசைப்படுத்தும் நிரல்களை எழுதாதீர்கள். அது நோயாளியின் பெயரைக் கிழித்துவிட்டு இரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது.

ஒரு திட்ட விலக்கத்துக்கு ஆபத்து எத்தனை மடங்கு என்ற அளவை ஒப்பிடுவது ஓரளவு நியாயமானது. பிஜிஎஸ்000018-க்கு அது 1.71 மடங்கு. அதையும் எந்த மக்களிடம், எதைச் சரிசெய்த பிறகு என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எடைக் கோப்பையும் குவின்கங்க்ஸிலேயே ரீட்_ஸ்கோரிங்_ஃபைல் மூலம் வாசிக்கலாம். தலைப்புத் தகவல் தனியாகவும் எடை அட்டவணை தனியாகவும் பிரிந்து வரும். 77 வரிக் கோப்புக்கும் 313 வரிக் கோப்புக்கும் இது அருமையான வழி. 66 லட்சம் வரிகளை இப்படி நினைவகத்தில் ஏற்றி மடிக்கணினியைத் திணற வைக்க வேண்டாம். அவ்வளவு பெரிய கோப்புகளுக்கு யூட்டில்ஸின் இறக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

கணக்குப் போடும் இடம்

எடைகளைச் சொந்தத் தரவின் மேல் ஏற்ற, கேட்டலாக் குழு பிஜிஎஸ்சி_கால்க் என்ற பணித்தொடரை வெளியிட்டுள்ளது. நெக்ஸ்ட்ஃப்ளோவில் ஓடுவது, டாக்கர், சிங்குலாரிட்டி, கோண்டா எதிலும் அமைத்துக்கொள்ளலாம். நீங்கள் தர வேண்டியது ஒரு மாதிரித் தாள், தரவின் மரபணுத்தொகுதிப் பதிப்பு, மதிப்பெண் எண்கள். மாதிரித் தாளில் தொகுப்பின் பெயர், கோப்பு இருக்கும் பாதை, குரோமோசோம், கோப்பு வகை என்று நான்கே பத்திகள். எடைக் கோப்பை அதுவே இறக்கும், அல்லீல்களைப் பொருத்தும், பிளிங்க் 2 கொண்டு கூட்டும், கடைசியில் ஓர் அறிக்கையைத் தரும். சொந்தத் தரவைத் தொடும் முன் அதோடு வரும் சோதனை அமைப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிறுவலில் உள்ள கோளாறுகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், உங்கள் தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. எடைகள்தான் உங்களிடம் வருகின்றன. மரபணுத் தரவை ஏதோ ஓர் இணையச் சேவையில் ஏற்றி மதிப்பெண் வாங்கும் பழக்கம் பரவிவருகிறது. உறவினர்கள் அனைவரையும் தொடும் தரவு அது. ஒருமுறை வெளியே போனால் திரும்பப் பெற முடியாது. அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பொருத்த விகிதம். மதிப்பெண்ணில் உள்ள மாறுபாடுகளில் எத்தனை விழுக்காடு உங்கள் தரவில் கிடைத்தது என்பது அது. இயல்பு வரம்பு 75 விழுக்காடு. அதற்குக் கீழே போனால் பணித்தொடர் நின்றுவிடும். உடனே வரம்பை 0.5 என்று தாழ்த்தி ஓட்டத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். விகிதம் ஏன் குறைந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். ஒன்று, பதிப்பு மாறிவிட்டது: தரவு 37, நீங்கள் சொன்னது 38. அப்போது விகிதம் ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்கும், கண்டுபிடிப்பது எளிது. இரண்டாவது, சிப்பில் வந்த தரவை இம்ப்யூட் செய்யாமல் (விடுபட்ட மாறுபாடுகளைக் கணித்து நிரப்பாமல்) கொடுத்திருப்பீர்கள்.

மூன்றாவது காரணம்தான் நுட்பமானது, முழு மரபணு வரிசைப்படுத்தல் செய்தவர்களைக் குறிவைத்துத் தாக்குவது. ஒரு தனிநபரின் சாதாரண விசிஎஃப் கோப்பில் அவர் மேற்கோள் வரைபடத்திலிருந்து மாறுபடும் இடங்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். மேற்கோளோடு ஒத்துப்போகும் இடங்கள் எழுதப்படுவதே இல்லை. பணித்தொடருக்கு அந்த இடங்கள் தரவு இல்லாதவையாகத் தெரியும். ஆனால் அங்கே தகவல் இருக்கிறது: அவரிடம் மேற்கோள் அல்லீலின் இரண்டு படிகள் உள்ளன. விளைவு அல்லீல் மேற்கோள் அல்லீலாகவே இருந்தால் அந்த இரண்டு படிகளின் எடை முழுவதும் காணாமல் போய்விடும். இதற்கு வரம்பைத் தாழ்த்துவது தீர்வல்ல. ஜிவிசிஎஃப் வடிவத்திலிருந்து எல்லா இடங்களையும் மீட்டுப் பல மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்து ஜீனோடைப் செய்ய வேண்டும். வரிசைப்படுத்திக் கொடுக்கும் நிறுவனத்திடம் ஆரம்பத்திலேயே ஜிவிசிஎஃப் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

ஏ-டி, சி-ஜி என்ற இணைகளில் அமையும் மாறுபாடுகளில் இழை எது என்று அல்லீலை வைத்துச் சொல்ல முடியாது. பணித்தொடர் இவற்றை இயல்பாகவே விலக்கிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள்.

பணித்தொடர் இல்லாமல் பிளிங்க் 2-ஐ நேரடியாக ஓட்டுபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். அதன் ஸ்கோர் கட்டளை இயல்பாகத் தருவது கூட்டுத்தொகை அல்ல, சராசரி. கூட்டுத்தொகை வேண்டுமென்றால் அந்தப் பத்தியைத் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாவது, விடுபட்ட ஜீனோடைப்புகளை அது அல்லீல் அலைவெண்ணைக் கொண்டு நிரப்பும். 50 பேருக்குக் குறைவான தரவில் அலைவெண்ணை மதிப்பிட மறுத்துவிடும். வெளியிலிருந்து ஓர் அலைவெண் கோப்பைக் கொடுத்தால் ஓடும். ஒரே ஒருவருக்கு மதிப்பெண் போட முயல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் முட்டி நிற்பார்கள்.

எல்லா மதிப்பெண்ணும் எளிய கூட்டல் அல்ல. முதல் வகை நீரிழிவுக்கான சில மதிப்பெண்கள் எச்எல்ஏ பகுதியின் ஹேப்ளோடைப்புகளையும் அவை ஒன்றோடொன்று சேரும்போது ஏற்படும் விளைவையும் கணக்கில் எடுக்கின்றன. அவற்றை இந்தப் பணித்தொடரால் கணக்கிட முடியாது. எடைக் கோப்பில் ஹேப்ளோடைப், இன்டராக்ஷன் என்ற பத்திகள் கண்ணில் பட்டால் மூலக் கட்டுரையின் முறையையே பின்பற்றுங்கள்.

நம் மக்களுக்கு இந்த எண் என்ன சொல்லும்

ஜீவாஸ் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர் என்று 2019-இல் அலிசியா மார்ட்டினும் கூட்டாளிகளும் நேச்சர் ஜெனெடிக்ஸில் காட்டினார்கள். அவர்களிடம் கற்ற எடைகள் பிற மக்களிடம் குறைவாகவே வேலை செய்யும். எடை சுமக்கும் மாறுபாடு பெரும்பாலும் நோயின் காரணமாக இருப்பதில்லை; காரணமான மாறுபாட்டோடு சேர்ந்தே மரபு வழியில் கடத்தப்படும் ஓர் அடையாளம் அது. அந்தச் சேர்க்கை மக்களுக்கு மக்கள் மாறும். அல்லீல்களின் அலைவெண்ணும் மாறும். அலைவெண் மாறினால் ஒரு மக்கள் தொகுப்பின் மொத்தச் சராசரியே நகர்ந்துவிடும். அந்த நகர்வுக்கும் நோய் அதிகம் என்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஒரு தமிழரின் மதிப்பெண்ணை ஆங்கிலேயர்களின் பரவலோடு ஒப்பிட்டு 95-ஆம் சதமானம் என்று சொன்னால், அந்த எண் அவருடைய ஆபத்தைப் பற்றியா, வெறும் வம்சாவளியைப் பற்றியா பேசுகிறது என்று பிரித்தறிய வழியில்லை.

இந்தச் சிக்கலைக் குறைக்க, மேற்கோள் மக்கள் தொகுப்பு ஒன்றைச் சேர்த்து ஓட்டும் வசதி பிஜிஎஸ்சி_கால்க்கில் இருக்கிறது. ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தையோ, அதோடு எச்ஜிடிபி (மனித மரபணுத்தொகுதிப் பன்முகத் திட்டம்) தொகுப்பையும் இணைத்ததையோ இறக்கிக்கொள்ளலாம். பல கிகாபைட் அளவு, இரவில் இறக்க விடுங்கள். உங்கள் மாதிரிகளை மேற்கோள் மக்களின் முதன்மைக் கூறு வெளியில் வைத்து, யாரோடு மிக நெருங்குகிறார்கள் என்று பார்த்து, அவர்களோடு ஒப்பிட்ட சதமானத்தைத் தரும். கூறுகளைக் கொண்டு சராசரியை மட்டும் சரிசெய்த மதிப்பும், சராசரியோடு பரவலையும் சரிசெய்த மதிப்பும் தனித்தனியே வரும். கலப்பு வம்சாவளியினருக்கு இந்தத் தொடர் அளவுகளே பொருத்தம். அவர்களை ஒரு பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை.

ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தின் 2015 வெளியீட்டில் 26 மக்கள் தொகுப்புகளைச் சேர்ந்த 2,504 பேர். அதில் தெற்காசியர் 489 பேர்: ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், லாகூரின் பஞ்சாபிகள், வங்காளதேசத்து வங்காளிகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர் 102 பேர், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். தமிழர் என்ற பெயரோடு இந்தத் தரவில் நிற்பவர்கள் அந்த 102 பேர்தான். தமிழகத்திலிருந்து நேரடியாக ஒருவரும் இல்லை. பணித்தொடரோ இந்த ஐந்து தொகுப்புகளையும் தெற்காசியர் என்ற ஒரே தலைப்பில் சேர்த்துத்தான் ஒப்பிடும். எச்ஜிடிபி-யைச் சேர்த்தால் கூடுதலாக வருபவர்கள் பலூச்சி, பிராகுய், சிந்தி, பதான், காலாஷ் போன்ற பாகிஸ்தான் மக்களே. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்த மாதிரிக்கு மிக நெருங்கிய ஒப்பீடு எது என்று உங்கள் ஆய்வுக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஒப்பீட்டைச் சரிசெய்வதால் எடைகள் மாறிவிடுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். சராசரி சரியாகலாம், முன்கணிக்கும் திறன் கூடாது. திறனை அறிய அந்த மக்களிடமே சோதித்திருக்க வேண்டும். இதயத் தமனி நோயில் அப்படிச் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2020-இல் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டன், வங்காளதேசம், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் தெற்காசியரிடம் ஒரு மதிப்பெண்ணைச் சோதித்தது. கிழக்கு லண்டனின் பாகிஸ்தானியரிடமும் வங்காளதேசத்தவரிடமும் ஜீன்ஸ் அண்ட் ஹெல்த் ஆய்வு இதே கேள்வியைத் தொடர்கிறது. குவின்கங்க்ஸில் செயல்திறன் அட்டவணையை மாதிரிகள் அட்டவணையோடு இணைத்து, சோதனை நிலையில் தெற்காசியர் இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும். நம் மக்களுக்கு வேலை செய்யும்போது அந்தச் சுருங்கிய பட்டியலிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். மாறுபாடுகள் எத்தனை லட்சம் என்ற எண்ணிக்கையிலிருந்தல்ல.

குறிப்பேடும் உரிமமும்

கேட்டலாக் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. எடைக் கோப்பை இறக்கிய நாள், கேட்டலாக்கின் வெளியீட்டுத் தேதி, மரபணுத்தொகுதிப் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு எண், பொருத்த விகிதம் ஆகியவற்றை முடிவுகள் இருக்கும் அதே கோப்புறையில் ஓர் எழுத்துக் கோப்பாக வையுங்கள். குவின்கங்க்ஸில் வெளியீட்டுத் தேதிகளைக் கேட்க கெட்_ரிலீசஸ் இருக்கிறது. எடைக் கோப்போடு எம்டி5 சரிபார்ப்பு எண்ணும் தளத்தில் கிடைக்கும். பெரிய கோப்புகள் பாதியில் அறுந்து இறங்கினால் அதுதான் காட்டிக் கொடுக்கும்.

தரவு திறந்திருக்கிறது என்றால் எல்லா மதிப்பெண்ணையும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. பெரும்பாலானவை தாராளமான விதிகளின் கீழ் உள்ளன. ஆனால் சில ஆசிரியர்கள் வணிகப் பயன்பாட்டைத் தடை செய்து தனி உரிமம் வைத்திருக்கிறார்கள். எடைக் கோப்பின் தலைப்பில் உரிமம் என்ற வரி அதைச் சொல்லும். ஆய்வுக்கு எடுத்த மதிப்பெண்ணைப் பிறகு ஒரு பரிசோதனை நிலையத்தின் அறிக்கையில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அந்த வரியை இன்றே படித்து, அனுமதி தேவையென்றால் ஆசிரியர்களுக்கு இப்போதே எழுதிவிடுங்கள். மூலக் கட்டுரையோடு பிஜிஎஸ் எண்ணையும் மேற்கோளில் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதே கோப்பை எடுத்து உங்கள் கணக்கைச் சரிபார்க்க அந்த ஓர் எண் போதும்.